மரத்துக்குள் நின்ற யானை

முன்னொரு காலத்தில், யானைக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில், மரத்துக்குள் யானை வேண்டும் என்று ராஜா ஒருவர் அடம்பிடித்தார்.

ஊஞ்சலில் படுத்திருந்தபோது பலகையின் ரேகைகளில் ஒரு கிளியைப் பார்த்துவிட்டார். அதுதான் வினை. "நமது புதிய மண்டபக் கதவில் யானை இருக்க வேண்டும். உளி செதுக்கக் கூடாது, தூரிகை தீட்டக் கூடாது. மரமே தன் ரேகையால் வரைந்திருக்க வேண்டும்!" என்று சபையில் அறிவித்தார்.

விகடகவி மருதநம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பொக்கிஷ அதிகாரி சிங்கராயர் பார்த்துவிட்டார். ராஜா தன்னைவிட நம்பியிடம் அதிகம் பேசுகிறாரே என்று நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்த மனிதர்.

"பிரபு, நம்பிக்கு இது எளிய வேலை போலும். அவரிடமே ஒப்படைக்கலாமே!"

"நன்று! பௌர்ணமிக்குள் யானை வர வேண்டும், நம்பி. வராவிட்டால் நீ நாட்டை விட்டே போகலாம்."

நம்பியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நேரே தச்சர் காளத்தி ஆசாரியின் பட்டறைக்கு ஓடினான். அன்றிலிருந்து அங்கேயே பழி கிடந்தான். ஆசாரி மரத்தை அறுத்து இழைக்க இழைக்க, ஒரு பலகையில் பூனை வந்தது. இன்னொன்றில் தொந்தி பெருத்த ஆள் வந்தான். யானை மட்டும் வரவில்லை.

பௌர்ணமி நெருங்கியபோது ஒரு பெரிய தேக்கை நடுவே அறுத்தார்கள். ஒரு பாதியை இழைத்ததும் நம்பி துள்ளிக் குதித்தான். துதிக்கை, முறம்போல் காது, கணு இருந்த இடத்தில் கண்! இடப்பக்கம் பார்த்து யானை கம்பீரமாக நின்றது.

"நிறுத்தும் ஆசாரியாரே! இன்னும் ஒரு இழைப்பு இழைத்தால் பன்றியாகிவிடும்!"

ஒருவரும் பார்க்காதபடி பலகையைச் சாக்கால் மூடி வைத்தார்கள். பௌர்ணமியன்று காலையில் வந்து பார்த்தால் சாக்குதான் கிடந்தது, பலகையைக் காணோம்.

"சாமி, மோசம் போயிட்டோமே!" என்று ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

நம்பிக்கும் அழுகை முட்டியது. பிறந்த ஊரை விட்டுப் போவதென்றால் சும்மாவா? அப்போது அவன் பார்வை சுவரில் சாய்ந்திருந்த மறுபாதியின் மேல் விழுந்தது. கூப்பிய கைகளைப் பிரித்தால் இரண்டு உள்ளங்கையும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

"இதை இழையும்!" என்றான்.

இழைத்தார். அதே யானை! ஆனால் வலப்பக்கம் பார்த்து நின்றது. நம்பிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

சபையில் பட்டுத்துணியை விலக்கியதும் ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். சிங்கராயருக்கோ முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. மறுகணமே துள்ளி முன்னால் வந்தார்.

"பிரபு, இது போலி! ஏதோ சாயம் பூசி ஏமாற்றுகிறான். அசல் பலகையில் யானை இடப்பக்கமல்லவா பார்க்கும்!"

நம்பி பணிவாகக் கும்பிட்டான். "பிரபு, அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் ஆசாரியும் நானும்தான். மூன்றாவதாகப் பார்த்தவன் அதைத் திருடியவன். இராயர் எப்போது பார்த்தார் என்று கேட்டருள வேண்டும்."

ராஜாவின் கட்டளைப்படி காவலர்கள் போய்ச் சிங்கராயர் வீட்டு வைக்கோற்போரைக் கிளறியதும் இடப்பக்க யானை வெளியே வந்தது.

இரண்டையும் அருகருகே நிறுத்தினார்கள். யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"இரட்டைக் கதவு! நாம் கேட்டது ஒன்று, நீ தந்தது இரண்டு!" என்று மகிழ்ந்த ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். "இந்தத் திருடரை என்ன செய்யலாம்?"

"யானை இருந்தால் பாகன் வேண்டாமா, பிரபு? தினமும் காலையில் இரண்டுக்கும் எண்ணெய் தேய்த்துவிட இவரையே வைத்துக்கொள்ளலாம். யானை மேல் அவ்வளவு ஆசை, வீடுவரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறாரே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையிலிருந்து சிங்கராயர் எண்ணெய்க் கிண்ணத்தோடு கதவடியில் நின்றார். நம்பி அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "காதுக்குப் பின்னால் விட்டுப்போச்சே, பாகரே!" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான்.