புற்று ஹோட்டலில் சாப்பாடு தயார்

காட்டுக் குட்டை ஒன்றில் பூசணி என்று ஒரு தவளை இருந்தது. பெயருக்கேற்ற உடம்பு. அந்த வருஷம் வயிறு நிறைய முட்டைகள் வேறு. முட்டையிடும் நேரம் பார்த்துக் குட்டை வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மற்ற தவளைகள் மண்ணுக்குள் புதைந்துகொண்டன. பூசணியால் அப்படிச் சும்மா கிடக்க முடியவில்லை. முட்டைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே! காட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருப்பதாகக் கொக்குகள் பேசிக்கொண்டதை அது ஒளிந்திருந்து கேட்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பிவிட்டது.

ஏரிக்கு இரண்டு நாள் வழி. பூசணி பாதித் தூரம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தோல் காய்ந்தால் தவளைக்கு உயிர் போய்விடும். உச்சி வெயிலுக்கு முன்னால் எங்கேயாவது ஒதுங்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் பிழைக்காது, வயிற்றில் இருக்கும் முட்டைகளும் பிழைக்காது.

பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் ஒரு கள்ளிச்செடி. அதன்மேல் ஓர் ஓணான். வெளியூர்க்காரர் யாரைப் பார்த்தாலும் விடாது. பஸ் ஸ்டாண்டில் நம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

"தங்க இடம் வேணுமாக்கா? இங்க மூணு வகை இருக்கு" என்றது ஓணான்.

முதலாவது ஆலமரத்தடிச் சத்திரம். காசு கேட்க மாட்டார்கள். கதவும் கிடையாது. ஆடு, குரங்கு, பன்றி எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, வறண்ட வாய்க்கால் கரையில் மீன்கொத்தி குடைந்த பொந்துகள். அது லாட்ஜ். ஆளுக்கொரு அறை, ஆனால் குடிக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. மூன்றாவது, அதோ தெரிகிற பெரிய புற்று.

"அது ஹோட்டல். சாப்பாடும் உண்டு."

பூசணி யோசித்தது. சத்திரத்தில் ஓர் ஆடு தெரியாமல் மிதித்தாலும் போச்சு, பூசணித் துவையல்தான். லாட்ஜில் காய்ந்த மண். ஹோட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் வயிறுதானே முதலில் பேசும்? பூசணிக்கும் பேசியது. பொழுது விடிந்ததிலிருந்து ஒரு கொசுகூட உள்ளே போகவில்லை.

குளிர்ச்சியாக இருக்குமா என்று கேட்டது. ஓணான் தலையாட்டியது. ஈரம் இருக்குமா? அதற்கும் தலையாட்டியது. நடத்துகிறவர் நல்லவரா? அதற்கும்தான். ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது பாவம், பூசணிக்குத் தெரியாது.

புற்று வாசலில் குளுகுளுவென்று காற்று வந்தது. பூசணி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, நின்று கேட்டது.

"சாப்பாடு தயாரா?"

உள்ளேயிருந்து இனிமையாக ஒரு குரல் வந்தது. "இப்பத்தாம்மா வாசல்ல வந்து நிக்குது."

பூசணி திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. வாசலில் நின்றது அது மட்டும்தான்.

ஓணான் பொய் சொல்லவில்லை. ஹோட்டலில் சாப்பாடு உண்டு. அதைச் சாப்பிடுவது யார் என்பதைத்தான் சொல்லவில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான் அங்கேயும் நடந்திருந்தது.

இருட்டில் இரட்டை நாக்கு நீண்டது. பூசணி எடுத்தது ஒரு தாவல்! பாம்பு முழ நீளம் வெளியே வந்தது. மணல் நெருப்பாய்ச் சுடவே, சீறிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பூசணி கள்ளி நிழலில் வந்து விழுந்தது. தோல் சுருங்க ஆரம்பித்திருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கக்கூட அதற்குத் தெம்பில்லை. ஓணான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆள் அனுப்பலேன்னா என்னை முழுங்கிடும்க்கா" என்றது மெதுவாக.

பூசணிக்குக் கோபம் வரவில்லை. இதுவும் நம்மைப் போல உயிருக்குப் பயந்த ஜீவன்தானே என்று இரக்கம்தான் வந்தது. கள்ளியிலிருந்து இறங்கி வந்த ஓணான், நாவல் மரத்தடியில் ஒரு நண்டு வளை இருக்கிறது, பெயர்ப் பலகை எதுவும் கிடையாது, போய்ப் பார் என்று சொன்னது. ஈரம் இருக்குமா என்று கேட்டது பூசணி. இந்தத் தடவை ஓணான் தலையாட்டவில்லை. "எனக்குத் தெரியாதுக்கா. நீயே கேட்டுக்க."

பூசணி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. உள்ளே என்ன உண்டு, என்ன இல்லை, இதற்கு முன் யார் தங்கினார்கள் என்று எல்லாவற்றையும் வாசலில் நின்றே விசாரித்தது. நண்டு ஒளிக்கவில்லை.

"இது என் வீடும்மா. ஒரே அறை. சாப்பாடு கிடையாது. நான் புரண்டு படுத்தா கொடுக்கு இடிக்கும். போன வாரம் தங்கின நத்தை அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பிட்டுத்தான் போச்சு. அடியில சேறு மட்டும் ஈரமா இருக்கும்."

"எனக்கு அது போதும்ணே" என்றது பூசணி. குளிர்ந்த சேறு வயிற்றில் பட்டதும் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஏரியில் முட்டையிட்டது. சில நாளில் தண்ணீர் முழுக்கத் தலைப்பிரட்டைகள். அவை தவளைகளாகி ஊர் சுற்றக் கிளம்பியபோது, ஒவ்வொன்றையும் நிறுத்தி நடந்ததைச் சொல்லி அனுப்பியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பூசணி தன் வாயால்தான் பிழைத்தது.

தங்கப் போகும் இடத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல், அங்கே யாருக்கு என்ன கிடைக்கும் என்று வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.