கண் நலம் காக்க மூன்று மணி நேரம்

பேராசிரியர் மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு டாக்டர் பூரணிக்கு முப்பத்தெட்டு. சிரிக்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களுக்குச் சில சமயம் இப்படித்தான் அமையும். வழிகாட்டி சொன்னால் அது வேதவாக்கு என்று இருப்பவர் மாசிலாமணி.

கல்லூரிக் கட்டடத்தை இடித்துக் கட்டுவதால் அந்த செமஸ்டர் முழுக்க ஆன்லைன் வகுப்பு. இரண்டாவது மாதமே பிள்ளைகள் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று புலம்ப ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் பாடம் படித்ததே போனில்தான். மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். கண் பாதுகாப்பு பற்றி ஒரு வெபினார் ஏற்பாடு செய்தார். மூன்று மணி நேரம், எண்பத்து நான்கு ஸ்லைடு. கேமரா கட்டாயம். கடைசிவரை இருப்பவர்களுக்குத்தான் அட்டெண்டன்ஸ்.

முந்தின நாள் ஜெசிந்தா என்ற மாணவி போன் செய்தாள்.

“சார், கண்ணு செவந்து வீங்கிப் போயிருக்கு. ஒரு வாரத்துக்குப் போனே பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“உன்ன மாதிரி பிள்ளைங்களுக்காகத்தாம்மா இதை நடத்துறதே. நீயே வரலன்னா எப்படி? ஏற்கெனவே உனக்கு அட்டெண்டன்ஸ் குறையுது. நாளைக்கும் விட்டா பரீட்சை எழுத முடியாது, பாத்துக்கோ.”

“வந்துடறேன் சார்.”

மிரட்டவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார். கொடுமையே அதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திரையில் நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். தொடங்கி வைக்க டாக்டர் பூரணியை அழைத்திருந்தார். வரவேற்புரை முடிவதற்குள் மாசிலாமணி மூன்று முறை கண்ணாடியைக் கழற்றி எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நாளாக உட்கார்ந்து ஸ்லைடு தயாரித்தவர் ஆயிற்றே.

பூரணி கேட்டார். “சார், இந்தக் கூட்டம் யாருக்கு?”

“கண்ணு வலிக்கிற பிள்ளைங்களுக்கு மேடம்.”

“நல்லது. கண்ணு வலிக்கிறவங்க எல்லாம் திரையை மூடி வச்சிட்டுப் போங்கப்பா. இன்னிக்கு அவ்வளவுதான்.”

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பத்து நான்கில் ஒரு ஸ்லைடுகூட இன்னும் ஓடவில்லை. ஆனால் குருவை மறுத்துப் பேச நாக்கு எழவில்லை.

பிள்ளைகளுக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு முகம் மறைந்தது. பிறகு இரண்டு. அப்புறம் கொத்துக் கொத்தாகப் போனார்கள். கண் வலி இல்லாதவர்களும் இதுதான் சாக்கு என்று நழுவியிருப்பார்கள், அதை யார் கண்டது?

ஜெசிந்தா மட்டும் போகவில்லை.

“நீ கிளம்பலையாம்மா?” என்றார் பூரணி.

“சார் சொல்லட்டும் மேடம். போயிட்டா எனக்குப் பரீட்சை போயிடும்.”

மாசிலாமணி அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார். ஒரு கண்ணை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படி உட்கார வைத்திருப்போமா என்று நினைத்தார்.

“போம்மா. பரீட்சை நீ எழுதுவே, அதுக்கு நான் பொறுப்பு. போய்ப் படுத்துக்கோ.”

“தேங்க்ஸ் சார்,” என்றாள். அவள் முகமும் மறைந்தது.

திரையில் இப்போது இரண்டே பேர். மாசிலாமணி பெயர்ப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது. துடைத்தும் நிற்கவில்லை.

“பொறுப்புன்னு சொல்லிட்டேன் மேடம். ஆனா ஒருத்தர்கூட இல்லையே. யாருக்கு அட்டெண்டன்ஸ் போடுறது?”

“போன எல்லாருக்கும் போடுங்க. நடந்த பாடத்தை அவங்க கேட்டுட்டாங்க.”

“அப்ப ஆப்சென்ட் யாருக்கு மேடம்?”

பூரணி திரையில் அவர் கண்ணைப் பார்த்தார்.

“கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட ஒருத்தர் இன்னும் போகாம உட்கார்ந்திருக்காரே சார். அவருக்குப் போடுங்க.”