தனக்கோடி வீட்டு நீல டிரம்மு

ஒரு ஊர்ல ஒரு மாடிக் குடியிருப்பு, அதுல தனக்கோடின்னு ஒருத்தி. அவ அடுப்படி மூலையில ஒரு பெரிய நீல டிரம்மு. நல்லா தேய்ச்சுக் கழுவி, குடிதண்ணி நெறப்பி, இறுக்க மூடி வச்சிருப்பா. கதைக்கு 'ம்' சொல்லு தங்கம்... ம், அப்படி.

அந்தக் குடியிருப்புல ஒரு பழக்கம். குழாய் 'புஸ்ஸ்ஸ்'னு காத்து விட்டா தண்ணி வரப்போகுதுன்னு அர்த்தம். ஒடனே எல்லாரும் பழைய தண்ணிய மடமடன்னு கொட்டிட்டுக் காலிக் குடத்தோட நிப்பாங்க. தனக்கோடி மட்டும் கொட்ட மாட்டா. புதுத் தண்ணி வந்து, தெளிவா இருக்கான்னு பாத்த அப்புறம்தான் பழசைச் செடிக்கு ஊத்துவா. எதிர்வீட்டு ராஜாமணி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "ஏன்டி, பழந்தண்ணிய வச்சுப் பூசை பண்றியா?"ம்பா. தனக்கோடிக்குச் சுருக்குனு இருக்கும். ஆனா டிரம்மு மூடிய இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டு வேலையப் பாப்பா.

அப்புறம் ஒருநாள் குழாய் 'புஸ்ஸ்ஸ்'னுச்சு. மாடி மாடியா மடமட மடமடன்னு கொட்டினாங்க. அப்போ குழாய் 'கொர்ர்ர்'னுச்சு, கொஞ்சம் செவப்புத் தண்ணி சொட்டுச்சு, நின்னுபோச்சு. ரோட்டுல பள்ளம் தோண்டினவங்க பெரிய குழாயை உடைச்சுட்டாங்களாம். தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியல. கடையில கேன் தண்ணியும் காலி. தூங்கிட்டியா? ம்... இல்லையா, சரி.

டொக் டொக்! கீழ்வீட்டு ஷகிலாவோட மாமியார். "தனம், பச்சப்புள்ளைக்குப் பால்பொடி கரைக்கத் தண்ணி இல்லம்மா." தனக்கோடி ஒரு குடம் குடுத்தா. "கொதிக்க வச்சு ஆத்திக் கரைங்கம்மா"ன்னா.

டொக் டொக்! மேல்மாடிப் பெரியவர். கஞ்சி வைக்கணும், மாத்திரை போடணும். அவருக்கும் குடுத்தா.

இப்படியே ஒவ்வொருத்தரா வந்தாங்க. அப்போ அவ வீட்டுக்காரர், "நம்ம புள்ளைங்க என்ன குடிக்கும்?"னாரு. எட்டிப் பாத்தா, டிரம்மு அடி தெரியுது.

டொக்... டொக். யாரு? ராஜாமணி அக்கா! கையில காலிச் சொம்பு, தலை குனிஞ்சிருக்கு. தனக்கோடி என்ன பண்ணா? திட்டுனாளா? இல்லையே. "அக்கா, பழைய தண்ணிதான். பரவாயில்லையா?"ன்னு மட்டும் கேட்டா.

"குடுடி, கண்ணுல காட்டுடி!"ன்னா அக்கா. சொம்பு நெறைய மொண்டு குடுத்தா.

அப்புறம் மிச்சத்த வழிச்சுத் தன் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு நிமிந்தா, தெருவுல 'பாம் பாம்'! லாரி வந்துருச்சு.

அடுத்த தடவை குழாய் 'புஸ்ஸ்ஸ்'னப்போ, மடமட சத்தமே கேக்கல. தனக்கோடி கதவைத் தொறந்து பாத்தா, எல்லா வீட்டு வாசல்லயும் பொம்பளைங்க, இடுப்புல பழைய தண்ணிக் குடத்தோட அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. "யாரும் கொட்டாதீங்கடி! தனக்கோடி சொல்லட்டும்!" கத்துனது வேற யாரு, நம்ம ராஜாமணி அக்காதான்.

தனக்கோடி உள்ள போயி, குழாயில தண்ணி வந்ததும் ஒரு டம்ளர் பிடிச்சு, வெளியில கொண்டுவந்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. கொஞ்சம் கூடுதல் நேரமே பாத்தா. பாக்கட்டுமே, அவ சம்பாதிச்ச பெருமை! அப்புறம் தலைய நிமித்தி, "ம், இப்போ கொட்டுங்க!"ன்னா.

மடமட மடமட மடமட!

எல்லார் வீட்டு டிரம்மும் நெறஞ்சுது, மூடியும் போட்டாச்சு. கதை அவ்வளவுதான் தங்கம், நீயும் கண்ணை மூடிக்கோ.