அசையாத வண்டி

"வண்டி எந்திரிச்சு நின்னுட்டும்மா. ஆனா என் வீட்டுக்காரி அதுல ஏற மாட்டேங்கா," என்றார் குத்தாலிங்கம்.

ஜுலைகா நிமிரவில்லை. மண் அள்ளும் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்கு எழுப்புனீங்க அண்ணாச்சி? அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துச்சா?"

குத்தாலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. தென்காசியில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டைகளை அடித்து, வளைத்து, அடுக்கி, முப்பத்தைந்து வருஷம் லாரிகளின் முதுகை நிமிர்த்தியவர்.

ஜுலைகா அவரைவிட இருபது வயது இளையவர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எதுவானாலும் திருநெல்வேலி பேட்டையில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். சந்தேகம் கேட்டு வருகிற மெக்கானிக்குகள் வேறொரு சந்தேகத்தோடு திரும்பிப் போவார்கள். ஆனாலும் மறுபடி வருவார்கள்.

வாசலில் நின்றது நீளமான டீசல் கார். ஜெர்மன் வண்டி, நாற்பது வயது. குத்தாலிங்கத்தின் மைத்துனர் விட்டுப்போனது. பின் இருக்கையை மடக்கிவிட்டால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், இன்ஜின் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் வண்டியைத் தானாகத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். செய்தவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை மதுரையில ஆப்பரேஷன்மா. முதுகெலும்பு," என்றார். "இடது கால் விரல் மரத்துப்போச்சு. அந்த டாக்டர் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் மதுரைக்கு வாராரு. இப்ப விட்டா கால் வருமான்னு தெரியல."

"இன்னைக்குத் திங்கள்."

"ஆமா."

"ஆம்புலன்ஸ்?"

"ஒருக்கா போனோம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே கண்ணை மூடிக்கிடுதா. அதனாலதான் இந்த வண்டியை ரெடி பண்ணுனேன். வெள்ளிக்கிழமை ஏத்தி, அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன். திரும்பு திரும்புன்னு அழுதுட்டா."

"என்ன சொன்னாங்க?"

"இதுல மறுபடி ஏத்துனா வழியிலயே குதிச்சிருவேன்னா."

"நீங்க?"

"குதிக்க முடிஞ்சா ஆப்பரேஷன் எதுக்கு ஏட்டின்னேன்."

ஜுலைகா குழாயைக் கீழே வைத்தார்.

"பிறகு?"

"சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. மூணு நாளாச்சு."

ஜுலைகா எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். கார் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் குத்தாலிங்கம். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "பின்னால தொங்கிக் கிடந்த வண்டிம்மா. எண்ணெய் ஊத்தி, மட்டம் பாக்குற வால்வுக்குப் போற கம்பியோட நீளத்தை மாத்தி வச்சேன். இப்ப மலை மாதிரி நிக்கு."

"ஏறிப் படுங்க."

"யாரு?"

"நீங்கதான். உள்ள மெத்தை கிடக்குல்ல?"

அவர் படுத்தார். ஜுலைகா ஓட்டினார். தெருமுனை தாண்டி, ரயில்வே கேட் வரை.

தண்டவாளத்தில் பின் சக்கரம் ஏறி இறங்கியது.

"யம்மா!"

"என்ன அண்ணாச்சி?"

"மெதுவாப் போங்கம்மா!"

"இருபதுலதான் போறேன். பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கோ. வெள்ளிக்கிழமை, அந்த ஐந்து கிலோமீட்டரும் குத்தாலிங்கம் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்த வார்த்தை அது.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியது. குத்தாலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வண்டி அசைஞ்சுதா?" என்று கேட்டார் ஜுலைகா.

"இல்ல. கிண்ணுன்னு நின்னுது."

"அப்ப எது அசைஞ்சுது?"

குத்தாலிங்கம் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

ஜுலைகா உள்ளே போய் டீ கொண்டுவந்தார். இரண்டு பேரும் நின்றபடியே குடித்தார்கள்.

"கழட்டுங்க," என்றார் ஜுலைகா. "பின்னால ரெண்டு இரும்பு உருண்டை இருக்கும். முதல்ல எண்ணெய் அழுத்தத்தை இறக்குங்க. அவசரப்பட்டீங்க, மூஞ்சியில அடிக்கும்."

"நீங்க செய்ய மாட்டீங்களா?"

"படுத்துக் கத்துனது நானா?"

கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. தொட்டியிலிருந்து வந்த எண்ணெய் வறுத்த கடுகின் நிறத்தில் இருந்தது. வடிகட்டி அடைத்துக் கிடந்தது. குத்தாலிங்கம் இரண்டு உருண்டைகளையும் துடைத்து மேசைமேல் வைத்தார்.

ஜுலைகா அலமாரியைத் திறந்து, ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து அதேபோல இன்னொரு உருண்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தூக்கிப் பாத்துச் சொல்லுங்க. எது நல்லது?"

குத்தாலிங்கம் ஒவ்வொன்றாகத் தூக்கினார். கார் உருண்டைகள் இரண்டும் கையை இழுத்தன. பெட்டியிலிருந்து வந்தது லேசாக இருந்தது. ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை அவர் கை பொய் சொன்னதில்லை. கனம் குறைந்த பட்டையை அவர் எந்த லாரிக்கும் போட்டதில்லை.

"இதுல என்ன சந்தேகம்?" என்று தன் வண்டியின் உருண்டையைத் தட்டினார். "இதுதான் சரக்கு."

ஜுலைகா சிரித்தார். சத்தம் போட்டே சிரித்தார். பக்கத்துக் கடையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அண்ணாச்சி, உருண்டைக்குள்ள நடுவுல ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் எண்ணெய் வந்து போகும். இன்னொரு பக்கம் வெறும் வாயு. உங்க உருண்டையில சவ்வு கிழிஞ்சு வாயு போயிட்டு. அந்த இடத்துலயும் எண்ணெய் புகுந்து நிறைஞ்சிட்டு. அதான் கனம்."

"நிறைஞ்சா நல்லதுதானே? பலமா இருக்கும்லா?"

"எண்ணெயை அமுக்கிப் பாருங்க. அமுங்குதா?"

"அமுங்காது."

"சக்கரத்துல கல்லு இடிக்கு. எண்ணெய் இடம் கேட்டு ஓடி வருது. உள்ள இடம் இல்ல. அந்த இடி எங்க போகும்?"

குத்தாலிங்கத்தின் கை தானாகத் தன் முதுகுக்குப் போனது.

லேசான உருண்டையை மறுபடி தூக்கினார். இந்த முறை இரண்டு கைகளாலும்.

பெட்டியில் அதன் ஜோடியும் இருந்தது. கொச்சிக்காரர் ஒருவர் தன் காருக்கு வாங்கி, மாட்டுமுன் காரை விற்றுவிட்டு, இங்கேயே விட்டுப்போனவை. ஜுலைகா அவருக்கு போன் போட்டார். யாருக்கு, எதற்கு என்று சொன்னார். எதிர்முனையில் பேச்சு நீளவில்லை.

"எடுத்துக்கிடச் சொல்லுதாரு. நல்லபடியாப் போயிட்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லணுமாம். அவ்வளவுதான்."

குத்தாலிங்கம் புது உருண்டைகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். கொடுத்தது முகம் தெரியாத ஆள். ஊர் கொச்சி என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது.

மாட்டி முடித்தார். புது வடிகட்டி, புது எண்ணெய். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் புகுந்து, கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய ஸ்பேனரை எடுத்தார்.

"சக்கரத்தைத் தரையில இறக்குங்க," என்றார் ஜுலைகா. "அந்தரத்துல தொங்குற வண்டிக்கு எதை வச்சு மட்டம் பாப்பீங்க?"

இறக்கினார். பின் மட்டத்தை அளந்து கம்பியைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்தார்.

"மட்டமா நிக்கும்மா."

"வெறும் வண்டிதானே? வெறும் வண்டி எல்லாம் மட்டமாத்தான் நிக்கும்."

சொல்லிவிட்டு அவரே பின்கதவு வழியாக ஏறி, மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். போதாதென்று இரண்டு இரும்புப் பெட்டிகளையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்ஜினைப் போட்டுட்டுப் பின்னால வந்து நில்லுங்க. கையை வைக்காதீங்க. பாருங்க."

வண்டியின் பின்பக்கம் இறங்கியிருந்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில், இறங்கிய வண்டியைப் பார்த்ததும் குத்தாலிங்கத்தின் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டீசல் இன்ஜின் தடதடத்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வண்டி ஏறத் தொடங்கியது. அவ்வளவு மெதுவாக ஏறியதால், ஏறுகிறதா என்று அவர் குனிந்து டயருக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய மட்டத்துக்கு வந்து நின்றது. ஜுலைகா உள்ளே இருந்தபடி இப்படியும் அப்படியும் ஆடினார். வண்டி அவரோடு லேசாக இறங்கிக் கொடுத்து, திரும்ப வந்தது.

"என்ன பாத்தீங்க?"

"முதல்ல இறங்குச்சு," என்றார் குத்தாலிங்கம்.

"பிறகு?"

அவர் கண் கலங்கியிருந்தது. டீசல் புகை என்று துடைத்துக்கொண்டார். புகை மறுபக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட வந்தார்.

"கை பூராவும் எண்ணெய், அண்ணாச்சி. துடைச்சிட்டுக் கும்பிடுங்க," என்று ஜுலைகா பழந்துணியை நீட்டினார். அவர் துடைத்து முடிப்பதற்குள் மண் அள்ளும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

தென்காசி ரோட்டில் குத்தாலிங்கம் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். பள்ளங்களைத் தேடிப் போனார். ஆலங்குளத்துக்கு முன்னால் ஒன்று கிடைத்தது. வண்டி ஓர் அலைமேல் போவதுபோல ஏறி இறங்கியது. "புண்ணியமாப் போகும்," என்றார், பள்ளத்தைப் பார்த்தா, கொச்சிக்காரரை நினைத்தா என்று அவருக்கே தெரியாது. பாவூர்சத்திரத்தில் வேகத்தடை இருந்தது. திரும்பி வந்து அதில் இன்னொரு முறை ஏறினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன பெருசு, வீட்டுல திட்டிட்டாங்களா?" என்றார். "ஆமா," என்றார் குத்தாலிங்கம். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

வண்டி சரியாயிட்டு, வியாழக்கிழமை கிளம்பு, இனிமே ஒண்ணும் சொல்லாதே. வழியெல்லாம் அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும்போல நிமிர்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி உலகு."

"வண்டி சரியாயிட்டும்பீங்க."

"அதைச் சொல்ல வரல. அதுல நான் படுத்துப் பாத்தேன். சரியாகுறதுக்கு முன்னால."

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கத்திட்டேன்."

அவள் தலையை மெல்லத் திருப்பினாள்.

"நீங்களா?"

"யம்மான்னு. அந்தப் பொம்பளைப்பிள்ளை முன்னால."

"எங்க வலிச்சுது?"

அவர் கையைப் பின்னால் வளைத்து, எட்டாத இடத்தைத் தொட முயன்றார். "இங்கன. நீ காட்டுவேல்லா, அதே இடம்."

உலகம்மாள் அவர் பக்கமாக மெல்லப் புரண்டாள். பிறகு கட்டிலிலிருந்து கையை நீட்டி, அவர் விரல் எட்டாத இடத்தில் வைத்தாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.