வலப்பக்கம், தோள் அளவில்

குருவுக்கு முப்பத்தோரு வயது. சீடருக்கு அறுபதுக்கு ஒன்று குறைச்சல்.

குருவின் பெயர் டெல்பின். புதுச்சேரிக் கடற்கரையில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கிறாள். சீடரின் பெயர் குமுதவல்லி. ஓய்வுபெற்ற தாசில்தார். பதவியில் இருந்தவரை அவள் முன்னால் நடப்பாள், மற்றவர்கள் பின்னால் ஓடி வருவார்கள். தரையில் வலிக்கிற முழங்கால் தண்ணீருக்குள் வலிப்பதில்லை என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவளுக்குக் கடல் பைத்தியம்.

முதல் கோர்ஸை முடித்து அட்டை வாங்கியிருந்தாள். அந்த அட்டைக்குப் பதினெட்டு மீட்டர்தான் அனுமதி. கரையிலிருந்து தள்ளி, முப்பது மீட்டர் ஆழத்தில், ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அட்வான்ஸ்டு கோர்ஸ் படிக்க வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் டாக்டர் அவளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுப்பார் என்று சொல்ல முடியாது.

அன்று காலை படகில் ஏறுமுன் அவள் கேட்டாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் பொழுதுபோக்குக்கு டைவ் பண்றவ. இதை வெச்சுப் பிழைக்கப் போறதில்லை. எனக்கு அட்வான்ஸ்டு கோர்ஸ் தேவையா?”

டெல்பின் சிலிண்டரின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். “சாரைக் கேட்டீங்களா?”

சார் என்பது தெய்வநாயகம், குமுதவல்லியின் கணவர். மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். மனைவி முங்குகிறாள் என்பதற்காகவே தானும் முங்கக் கற்றுக்கொண்டார். கடலில் யாரும் தனியாக முங்கக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருவருடைய காற்று குறைந்தால் இருவருமே மேலே வந்துவிட வேண்டும். இவளுக்கு ஜோடி அவர்.

“என்னைக் கேக்க என்ன இருக்கு டீச்சரம்மா?” என்றார் தெய்வநாயகம். “அவ போகட்டும். நான் இன்னையோட நிறுத்திக்கிறேன்.”

“ஏன் சார்?”

“என் காத்துதான் உங்களுக்கே தெரியுமே. அவ சிலிண்டர் பாதி இருக்கும்போதே என் காத்து மீட்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுது. ஒவ்வொரு தடவையும் என்னால அவ பாதியில மேல வர்றா. கப்பலைப் பார்க்க ஆசைப்படறவளை நான் ஏன் சட்டையைப் பிடிச்சு இழுக்கணும்? பெங்களூர்க்காரர் ஒருத்தர் ஜோடி தேடிட்டிருக்காராம். அவர்கூடப் போகட்டும். நான் படகுல இருந்து பழம் உரிச்சுக் குடுக்கிறேன்.”

“முதல் டைவ்லயே எங்களை எல்லாம் மேல ஏத்தினவர்தானே இவர்?” என்றாள் குமுதவல்லி.

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை அது. தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’ என்று பொருள். முதன்முதலில் ஒரு திருக்கை மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் தெய்வநாயகம் ‘பிரமாதம்’ என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டார். டெல்பின் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

“அந்தத் திருக்கைக்கு நான் இன்னும் சரியா நன்றி சொல்லலை” என்றார் அவர்.

குமுதவல்லியும் சிரித்தாள். ஆனால் அவர் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னபோது அவளுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் படகில் உட்கார்த்திவைத்துவிட்டுப் போவதில் நிம்மதி என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் அது வந்தது.

“நீங்க சொல்லுங்க டீச்சர். கோர்ஸ் தேவையா?”

“முங்கிட்டு வந்து சொல்றேன்” என்றாள் டெல்பின்.

பாறைத்திட்டுக்கு மேலே படகு நின்றது. இறங்கும் முன் டெல்பின் இருவரையும் பார்த்தாள்.

“இன்னைக்கு ஒரு மாத்தம். சார் முன்னாடி போவார். மேடம், நீங்க அவரோட வலப்பக்கம், தோள் அளவுல. அவர் எப்பத் தலையைத் திருப்பினாலும் நீங்க கண்ணுல படணும். வேற வேலை எதுவும் வேண்டாம்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். சார், நீங்க எதைப் பார்க்கணும்னு ஆசையோ அதைப் பாருங்க. மேடம் எங்கேன்னு தேடக் கூடாது.”

“தேடாம எப்படிம்மா?”

“இன்னைக்கு அது அவங்க வேலை.”

மூவரும் குதித்தார்கள்.

கீழே தண்ணீர் தெளிந்திருந்தது. தெய்வநாயகம் முதலில் தயங்கினார். இரண்டு முறை பழக்கத்தில் கழுத்தைத் திருப்பினார். டெல்பின் விரலை ஆட்டி வேண்டாம் என்றாள். அப்புறம் அவர் போனார்.

போனாரென்றால், விடுமுறைவிட்ட பள்ளிக்கூடம் போலப் போனார். ஒரு பாறையை இடப்பக்கமாகச் சுற்றினார். குமுதவல்லி அவருக்கு வலப்பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த வளைவை வெளியே இருந்து, பெரிதாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. சுற்றி வருவதற்குள் அவர் நின்றுவிட்டார். அவள் அவரைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்தாள். வந்து சேர்ந்தபோது அவர் ஒரு கிளிமீன் கூட்டத்தின் பின்னால் கிளம்பியிருந்தார். அவள் காலை உதைத்தாள். மறுபடி உதைத்தாள்.

கிளிமீன்களை அவள் பார்க்கவில்லை. அவர் காலில் மாட்டியிருந்த துடுப்புகளைத்தான் பார்த்தாள். துடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது நிற்கப் போகிறது, வலப்பக்கம் இடம் இருக்கிறதா, பாறை இடிக்குமா என்று பார்த்தாள். பாறை இடுக்கிலிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டியதை டெல்பின் சுட்டிக்காட்டினாள். குமுதவல்லி அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் அவர் இறங்கிவிட்டார். விலாங்கை விட்டுவிட்டு அவளும் இறங்கினாள்.

அவர் மணலுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். நகத்தளவு ஒரு கடல் நத்தை. ஊதா நிறம். அதை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவரோடு எத்தனையோ தடவை கடலுக்குள் வந்திருக்கிறாள், அவர் எதைப் பார்த்தால் நிற்பார் என்று அவளுக்குத் தெரியாது. நத்தைக்கு நிற்பார். இப்போது தெரிந்தது.

மூச்சு வாங்கியது. இடுப்பில் தொங்கிய, காற்றின் அளவு காட்டும் கேஜை எடுத்துப் பார்த்தாள். முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

தவறாகப் பார்க்கிறோமோ என்று மீண்டும் பார்த்தாள். சிவப்புதான்.

அவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பது உத்தரவு. அவள் நெருங்கி அவர் தோளைத் தட்டினாள். கேஜைக் காட்டினாள்.

தெய்வநாயகம் அவள் முள்ளைப் பார்த்தார். தன் முள்ளைப் பார்த்தார். மறுபடி அவளுடையதைப் பார்த்தார். அவருடைய சிலிண்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று இருந்தது. நத்தை அங்கேயேதான் இருந்தது. அவர் அதை மறுபடி பார்க்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தினார்.

மேலே வரும் வழியில், ஐந்து மீட்டரில், உடம்பு பழகுவதற்காகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்றார்கள். அவர் ஒரு கையால் நங்கூரக் கயிற்றையும், மறு கையால் அவளுடைய தோள்பட்டையையும் பிடித்திருந்தார். எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். அவர் பயத்தில் பிடிக்கிறார் என்றே அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

படகில் ஏறியதும் தெய்வநாயகம் முகக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“குமுதா, உன் சிலிண்டர்ல லீக் இருக்குமோ?”

“லீக் எல்லாம் இல்லை.”

“இல்லாம எப்படி? உன் காத்து என்னைக்கு இப்படித் தீர்ந்திருக்கு? டீச்சரம்மா, வால்வைப் பாருங்க.”

“பார்த்துட்டுத்தான் குடுத்தேன் சார்.”

“இன்னொரு தடவை பார்த்தா தப்பில்லையே.” அவர் அவளுடைய சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

குமுதவல்லி துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

“ஏங்க.”

“ம்.”

“நீங்க இத்தனை நாளா கீழ என்ன பார்த்தீங்க?”

“எங்கே?”

“தண்ணிக்குள்ள. என்கூட வந்தப்பல்லாம்.”

அவர் யோசித்தார். “நீலத் துடுப்பு ரெண்டு. நல்லாத்தான் இருக்கும். இடது கால் மட்டும் கொஞ்சம் வீச்சு அதிகம்.”

“மீனு?”

“மீனைத்தான் நீ மேல வந்து சொல்லுவியே.”

படகுக்காரர் எதையோ எட்டிப் பார்க்கிறவர் போலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். டெல்பின் வாழைப்பழம் ஒன்றை உரித்துக் குமுதவல்லியிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

அப்புறம் கேட்டாள். குரலில் தாசில்தார் இல்லை.

“அப்போ அந்தக் கோர்ஸ் தேவையில்லைன்னு சொல்றீங்களா டீச்சர்?”

“யார் சொன்னா? தேவைதான். நல்ல கோர்ஸ்.”

“தேவையா?”

“கப்பலுக்குப் போறதுன்னா கட்டாயம் தேவை. அந்த ஆழத்துல காத்து இன்னும் வேகமாத் தீரும். திசை தெரியாது, அதுக்குக் காம்பஸ் பழகணும். இன்னொண்ணும் இருக்கு. முப்பது மீட்டர்ல சிலருக்கு லேசா மயக்கம் மாதிரி வரும். பயமா இருக்காது, சந்தோஷமா இருக்கும். கப்பல் ரொம்ப அழகாத் தெரியும். முள்ளைப் பார்க்கவே தோணாது. அதெல்லாம் சொல்லிக்கொடுத்துதான் கூட்டிட்டுப் போவேன்.”

“அப்படின்னா என்னைச் சேத்துக்குங்க.”

“சேத்துக்கறேன்.”

“பெங்களூர்க்காரர் எப்படி? நல்லா டைவ் பண்ணுவாரா?”

“பிரமாதமாப் பண்ணுவார். உங்களை மாதிரியே. காத்து மிச்சம் வெச்சுக்கிட்டுத்தான் மேல வருவார்.”

குமுதவல்லி கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள்.

டெல்பின் மெதுவாகக் கேட்டாள்.

“கப்பல் அவ்வளவு அழகா இருக்கறப்ப, உங்க முள்ளை யார் பார்ப்பாங்க மேடம்?”

குமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். படகின் மறுமுனையில் தெய்வநாயகம் எஞ்சின் சத்தம் கேட்காமலிருக்க ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அவளுடைய சிலிண்டரின் வால்வில் மறு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.