மண்டபம் நிறைத்த தவளை

முன்னொரு காலத்திலே, கடலையும் மலையையும் சேர்த்து ஆண்ட ஓர் அரசருக்குப் புது அரண்மனை கட்டும் ஆசை வந்தது. அதற்கு மரம் வேண்டும். தீவுக்காட்டை வெட்டினால், அங்கு மட்டுமே மிஞ்சியிருந்த ராட்சத உடும்புகள் அழியும். மலைக்காட்டை வெட்டினால், வேறெங்கும் இல்லாத நகத்தளவுத் தவளைகள் அழியும்.

அரசவை விகடகவி தாண்டவன் அந்த மலையில் பிறந்தவன். அவனைக் கண்டாலே எரிச்சல்படும் பிரதானி அகோரமூர்த்தி சொன்னார்:

"மகாராஜா! இரண்டையும் சபைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். எது இந்த மண்டபத்தை அதிகம் நிறைக்கிறதோ, அதன் காடு பிழைக்கட்டும். தவளை தோற்றால் தாண்டவனே முதல் மரத்தை வெட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

மறுநாள் எட்டுப் பேர் கயிறு பிடிக்க உடும்பு உள்ளே வந்தது. முதலை போன்ற உடல். மலைப்பாறை நகர்வது போன்ற நடை. பிளவுபட்ட நாக்கை நீட்டி அது காற்றைத் துழாவியபோது சபையோர் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

தாண்டவன் உள்ளங்கையை விரித்தான். ஈர இலைமேல் தவளை.

"எங்கே? கண்ணுக்கே தெரியவில்லையே!" என்று சிரித்தார் பிரதானி.

தாண்டவன் மழைபோல நீர் தெளித்தான். தவளை அசையவில்லை. பிறந்த மலையில் தானே கோடரி வீச வேண்டுமோ என்று அவன் பயந்தான். மீண்டும் தெளித்தான்.

தவளையின் தொண்டை முத்துப்போல் உப்பியது. கணீரென்று எழுந்த குரல் தூண்களில் மோதி, விதானத்தில் ஏறி, மண்டபமெங்கும் நிறைந்தது. உடும்புகூடத் தலை தூக்கிப் பார்த்தது. பிரதானி ஏதோ கத்தினார்; வாய் அசைந்ததே தவிர, ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தவளை சற்று ஓய்ந்ததும், பிரமித்துப் போயிருந்த அரசர் தாண்டவனிடம் கேட்டார்:

"இத்தனை சிறிய உடலுக்குள் இத்தனை பெரிய குரலா! மண்டபத்தை நிறைத்தது தவளைதான். அப்படியானால் தீவுக்காட்டை வெட்டலாமா?"

"அடியேன் எப்படிச் சொல்வேன், மகாராஜா? தவளை நிறைத்தது மண்டபத்தை. உடும்பு நிறைத்தது சிம்மாசனத்தை."

"சிம்மாசனத்தையா?"

"தங்கள் திருவடிகளைப் பாருங்கள்."

அரசர் குனிந்து பார்த்தார். உடும்பு வந்தபோது பயந்து மேலே தூக்கிய இரண்டு கால்களும் இன்னும் சிம்மாசனத்தின் மேலேயே இருந்தன! அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இரண்டு காட்டிலும் கோடரி படக்கூடாது. எனக்குப் பழைய அரண்மனையே போதும்!" என்று சொல்லி, தம் முத்துமாலையைத் தாண்டவன் கழுத்தில் போட்டார்.

தவளை மறுபடி பாடத் தொடங்கியது. அது முடிக்கும்வரை அரசர் உட்பட யாரும் எழுந்திருக்கவில்லை.