நகராத வண்டிகளுக்கு ஒரு பேட்டை

வெகு காலத்துக்கு முன்னால் ஏழிலைப்பட்டணத்தைக் கோப்பெருங்கண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் ஆண்டார் என்பதைவிட அவருடைய நாக்கு ஆண்டது என்று சொல்வதுதான் சரி. ஒருநாள் கிழக்குக் கடைவீதியிலிருந்து வரவழைத்த குழிப்பணியாரம் ஆறிப்போய் வந்து சேர்ந்தது. ராஜா தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்னய்யா இது? கூப்பிடு தூரத்தில் கடை. அதற்குள் எப்படி ஆறும்?"

"அரசே, ராஜவீதி முழுக்க வண்டி. சக்கரத்தின்மேல் ஏறி, நுகத்தடிக்கடியில் குனிந்து வருவதற்குள்..." என்று சேவகன் முழங்காலைத் தடவினான்.

ராஜாவின் வயிறு காய்ந்தால் ஊருக்கு விடிவு பிறக்கும். அன்றே நகரசபை கூடியது. சபைத் தலைவர் அம்பலக்கூத்தர் துள்ளி எழுந்தார்.

"அரசே, வண்டிப்பேட்டை ஒன்று கட்டினால் தீர்ந்தது. அரண்மனைக்கு எதிரே தொழிற்பள்ளி என்று ஒரு கொட்டகை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதை இடித்துவிடலாம். டொக்கு டொக்கென்று சத்தமும் ஒழியும்."

"இடி!" என்றார் ராஜா. யோசிப்பதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

அந்தப் பள்ளியை நடத்தியவள் உலகம்மை. தச்சு, கொல்லு, சக்கரம் கட்டுதல் என்று நாற்பது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். பாதிப்பேர் பெண்பிள்ளைகள். போன வருஷம் ராஜாவின் ஊஞ்சலை அவர்கள் சரிசெய்து கொடுத்தபோது ராஜா சபையில் வாயாரப் புகழ்ந்துவிட்டார். அம்பலக்கூத்தரை அவர் அப்படிப் புகழ்ந்ததே கிடையாது. வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

மரம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த உலகம்மை செய்தி கேட்டதும் ராஜவீதி வழியாக அரண்மனைக்கு நடந்தாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் உங்கள் வண்டி நிற்கிறதோ, அவ்வளவு பெரிய மனிதர் நீங்கள். நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது. வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். வாசலை எட்டியபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

"உலகம்மை, அழப்போகிறாயா, சண்டை போடப்போகிறாயா? இரண்டுக்கும் எனக்கு நேரமில்லை" என்றார் ராஜா.

"இடத்தைத் தர வந்திருக்கிறேன் அரசே. மொத்தம் எத்தனை வண்டி?"

"எழுபத்திரண்டு" என்று அம்பலக்கூத்தர் முந்திக்கொண்டார்.

"நாளைக் காலை எழுபத்திரண்டும் எங்கள் பள்ளி மைதானத்துக்கு வரட்டும். சொந்தக்காரர்களே ஓட்டிவரட்டும். வந்த வண்டிகள் நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு சாண் கூடக் கேட்கக்கூடாது. முதலில் வருகிறவருக்கு வாசலை ஒட்டிய இடம், ஆயுசுக்கும்."

"பந்தயமா!" ராஜா தொடையைத் தட்டினார். "அப்படியே ஆகட்டும்!"

"பாவம், தானே வந்து மாட்டிக்கொண்டாள்" என்று அம்பலக்கூத்தர் மீசைக்குள் சிரித்தார்.

பள்ளியில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "என்னக்கா, இப்படி விட்டுக்கொடுத்துட்டீங்களே!"

"வேலியோரம் கொஞ்சம் கூட்டி வையுங்கள். போதும்" என்றாள் உலகம்மை. ராஜவீதியில் பார்த்த வண்டிகளை விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். கணக்குத் தப்பினால் நாற்பது பிள்ளைகளும் தெருவில் நிற்கவேண்டுமே!

விடிந்தது. ராஜா உப்பரிகையில் உட்கார்ந்தார். முரசு அறைந்தார்கள்.

ஒரு வண்டி கிளம்பியது. அடுத்து இன்னொன்று. மூன்றாவதன் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனது. அடுத்ததன் அச்சைக் கரையான் அரித்திருந்தது. ஒருவர் வண்டியைச் சுற்றிப் படர்ந்திருந்த பூசணிக்கொடியை வாளால் வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவரின் வண்டிக்குள் ஒரு கோழி அடைகாத்தது. கிட்டப்போனால் கொத்தியது.

வாசலை ஒட்டி நின்றது அம்பலக்கூத்தரின் வண்டி. பட்டுத்திரை, வெண்கல மணி, எல்லாம் இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து "ஹை!" என்றார். மாடுகள் பாய்ந்தன. நுகத்தடியும் கூடவே போனது. வண்டி மட்டும் அவரைச் சுமந்துகொண்டு அங்கேயே நின்றது.

ராஜா சிரித்துச் சிரித்துக் கிரீடத்தைக் கழற்றி வைத்தார். "அம்பலக்கூத்தரே, இது கடைசியாக எப்போது நகர்ந்தது?"

"தங்கள் முடிசூட்டு விழாவன்று, அரசே."

"ஒன்பது வருஷம்! பிறகு வீட்டுக்கு எப்படிப் போவீர்?"

"நடந்துதான், அரசே. எடுத்தால் இடம் போய்விடுமே."

மைதானத்துக்கு வந்து சேர்ந்தவை பதினொரு வண்டிகள். வேலியோரமே அடங்கிவிட்டன. ஒரு பட்டறைப் பலகையைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

"நேற்றே ஆளை வைத்துச் சரிசெய்திருக்கலாமே?" என்றார் ராஜா.

அம்பலக்கூத்தர் தலை குனிந்தார். "தேடினேன் அரசே. ஊரில் அச்சு மாற்றத் தெரிந்தவர்கள் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறார்களாம்."

"அதைத்தானே இடிக்கச் சொன்னீர்!"



ராஜா அங்கேயே ஆணையிட்டார். பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். அரண்மனையில் சும்மா கிடக்கும் தேர்க்கொட்டகையும் இனி அதற்குத்தான். அங்கே இன்னும் அறுபது பிள்ளைகள் சேரலாம். ராஜவீதியில் முதலில் வருகிறவர் முதலில் நிற்கலாம், அந்தி மணி அடித்தால் எல்லோரும் எடுத்துவிட வேண்டும். பழுதான வண்டிகளைப் பிள்ளைகள் சரிசெய்வார்கள், ஆனால் சொந்தக்காரரும் கூட உட்கார்ந்து வேலை செய்தால்தான் வண்டி திரும்பக் கிடைக்கும்.

"முதலாவதாக வந்தது யார்?" என்று கேட்டார்.

"எருவண்டிக்காரர் மாயழகு. ஆனால் அவருக்கு அந்த இடம் வேண்டாமாம். நிற்க நேரமில்லை என்கிறார்" என்றாள் உலகம்மை.

அம்பலக்கூத்தர் இரண்டு வாரம் வீம்பாக இருந்தார். மூன்றாவது வாரம் பள்ளி வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயா, சும்மாதானே நிற்கிறீங்க? இந்த ஆரக்காலைப் பிடிங்க. அப்படி இல்லை, இப்படி!"

பிடித்தார். விரலில் அடிபட்டது. மறுநாளும் வந்தார்.

நான்கு மாதம் கழித்துத் சக்கரம் கழலாமலிருக்கத் தன் கையாலேயே கடையாணியைச் செருகி, வண்டியை ராஜவீதியில் ஓட்டிப் போனார். உலகம்மை பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். அவருக்கு முன்னால் மாயழகுவின் எருவண்டி போய்க்கொண்டிருந்தது. அம்பலக்கூத்தர் அதைக் கவனிக்கவே இல்லை. குனிந்து, சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு போனார்.